"ஹை, ஹை"ன்னா சம்மதம்னு அர்த்தம் இல்ல: ஜப்பான்காரங்க, இங்கிலீஷ்காரங்க எப்படி "ம்" கொட்டுறாங்க?

2018 மே மாசம் கூகுளோட மேடையில சுந்தர் பிச்சை ஒரு ஃபோன் கால் ரெக்கார்டிங்க போட்டுக் காமிச்சாரு, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். டூப்ளெக்ஸ்னு ஒரு ஏஐ சலூனுக்கு ஃபோன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் கேக்குது, அந்தப் பக்கம் இருக்கற அம்மா "ஒரு செகண்ட் இருங்க"ங்கறாங்க, உடனே மெஷின் "ம்ஹ்ம்"னு ஒரு சத்தம் குடுக்குது. அவ்ளோதான், ஹாலே சிரிச்சுருச்சு. தேதி, நேரம் எல்லாம் தப்பில்லாம பேசினப்ப வராத ஆச்சரியம் அந்த ஒரு "ம்ஹ்ம்"ல வந்துச்சு. ஏன்னா அது மனுஷங்க பண்றது. அகராதியில போட்டா ஒரு வரி கூட தேறாத சத்தம், ஆனா அது இல்லாத பேச்சு பேச்சாவே இருக்காது.

நம்ம ஊர்ல இதுக்கு "ம் கொட்டுறது"ன்னு அழகா பேர் இருக்கு. பாட்டி கதை சொல்றப்ப "ம் கொட்டு, இல்லன்னா நிறுத்திருவேன்"னு சொல்லுவாங்கல்ல, அதேதான். வில்லுப்பாட்டுல ஒருத்தர் பாடிக்கிட்டே போக, பக்கத்துல இருக்கறவர் "ஆமா"ன்னு போட்டுக்கிட்டே இருக்காரே, அதுவும் இந்த குடும்பம்தான். இது எல்லா மொழியிலயும் இருக்கற விஷயம், ஆனா எவ்ளோ அடிக்கடி, எந்த எடத்துல, எதுக்காகங்கறது ஊருக்கு ஊர் மாறுது. அந்த வித்தியாசத்த ரொம்பத் தெளிவா பாக்கணும்னா ஜப்பானீஸையும் இங்கிலீஷையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும், இந்த ஃபீல்டுல நிறைய ஆராய்ச்சி நடந்தது இந்த ஜோடி மேலதான்.

முதல்ல அடிப்படை. மொழியியல்ல இதுக்கு பேக்சேனல்னு பேர். 1952லயே சார்லஸ் ஃப்ரீஸ்ங்கற அமெரிக்க மொழியியலாளர் ரெக்கார்ட் பண்ணின டெலிஃபோன் பேச்சுகள வெச்சு இங்கிலீஷ் வாக்கிய அமைப்பு பத்தி புக்கு எழுதினப்ப, கேக்கறவங்க நடுநடுவுல போடற "யெஸ்", "அஹா", "ஐ ஸீ" எல்லாத்தையும் குப்பைன்னு தூக்கிப் போடாம, இது கவனிக்கறேன்னு காட்டற சிக்னல்னு தனியா குறிச்சு வெச்சாரு. ஆனா பேக்சேனல்ங்கற பேர வெச்சது விக்டர் இங்வி, 1970ல. அவரோட யோசன என்னன்னா, ரெண்டு பேர் பேசறப்ப ஒரு பாதை இல்ல, ரெண்டு பாதை ஓடுது. மெயின் பாதையில ஒருத்தர் பேசறாரு, அதே நேரத்துல பின்னாடி ஒரு சின்ன பாதையில கேக்கறவர் "ம்", "சரி", "அப்டியா"ன்னு திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்காரு. பேச்சு வாய்ப்ப இவர் பிடுங்கல, ஆனா சும்மாவும் இல்ல.

1982ல இமானுவேல் ஷெக்லாஃப் இன்னும் ஒரு படி மேல போய் நல்லா விளக்கினாரு. ஒருத்தர் கொஞ்சம் நிறுத்தற எடத்துல நாம "ம்"னு சொன்னா அதுக்கு அர்த்தம் "இப்ப நான் பேசியிருக்கலாம், ஆனா பேசல, நீயே மேல சொல்லு"ங்கறது. அதாவது "ம்"ங்கறது நம்ம சான்ஸ விட்டுக் குடுக்கறது. இத படிச்சதுக்கு அப்புறம் எந்த பேச்சக் கேட்டாலும் எனக்கு அந்த எடம்தான் காதுல விழுது.

இதெல்லாம் மரியாதைக்கு பண்றது, பண்ணலன்னாலும் கதை ஓடும்னு நினைக்கறவங்களுக்காகவே ஒரு ஆராய்ச்சி இருக்கு. கனடாவுல விக்டோரியா யுனிவர்சிட்டில ஜேனட் பாவெலாஸும் அவங்க கூட இருந்தவங்களும் 2000ல வெளியிட்டது. ஒருத்தர கூப்பிட்டு, மயிரிழையில தப்பிச்ச கதை ஒண்ணு சொல்லச் சொல்றாங்க. கேக்கறவருக்கு ரகசியமா ஒரு வேலை குடுக்கறாங்க: எதிர்ல இருக்கறவர் இங்கிலீஷ் "டி" (T) எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை சொல்றப்பல்லாம் ஒரு பட்டன அமுக்கணும். இப்ப யோசிச்சுப் பாருங்க, அவரு காதுல எல்லா வார்த்தையும் விழுது, ஒண்ணு விடாம கவனிக்கறாரு, ஆனா கதைய கவனிக்கல. என்ன ஆச்சுன்னா, கேக்கறவர்கிட்ட இருந்து வர ரியாக்‌ஷன் கொறஞ்சு போச்சு, அதுலயும் கதையோட ஒட்டி வர்ற "ஐயய்யோ" டைப் ரியாக்‌ஷன் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. அதுக்கு மேல ஒண்ணு, கதை சொல்றவங்களோட கதையே கெட்டுப் போச்சு. உச்சக்கட்டத்துல தடுமாறி, முடிச்சதையே திரும்ப முடிச்சு, "அது ஏன் டேஞ்சர்னா"ன்னு விளக்கம் வேற குடுக்க ஆரம்பிச்சாங்க. அவங்க சொந்த அனுபவம், அவங்க வாய், ஆனா எதிர்ல இருக்கறவர் கூட சேர்ந்து சொல்லலன்னா கதை நல்லா வரல. கேக்கறது பாதி சொல்றது மாதிரின்னு எனக்கு முழுசா நம்பிக்கை வந்தது இந்த ஆராய்ச்சியப் படிச்சப்பதான்.

பாவெலாஸ் டீம் கேக்கறவங்களோட ரியாக்‌ஷன ரெண்டா பிரிச்சாங்க, அது பிகினர்ஸுக்கு உபயோகமா இருக்கும். ஒண்ணு பொதுவானது, எந்தக் கதைக்கும் பொருந்தற "ம்", தலையாட்டல் மாதிரி. இன்னொண்ணு அந்த எடத்துக்கு மட்டும் பொருந்தறது, "அடப்பாவி", மூச்ச இழுக்கறது, முகம் சுளிக்கறது மாதிரி.

சரி, இப்ப ஜப்பான். அங்க இதுக்கு ஐசுச்சின்னு பேரு, அது மொழியியல்காரங்க மட்டும் பேசற வார்த்தை இல்ல, வீட்ல, ஆபீஸ்ல எல்லாரும் சொல்றது. "அந்த ஆள் நல்லா ஐசுச்சி போடுவாரு"ன்னா பாராட்டு. புதுசா வேலைக்கு சேர்றவங்களுக்கான மேனர்ஸ் புக்ல இதுக்கு பக்கம் ஒதுக்குவாங்க. "உன்" (ம்), "எ" (ஆமா), "ஹை" (மரியாதையான ஆமா), "ஹே~" (அட), "ஹொந்தோ" (நெசமாவா), "ஸோ தெசு கா" (அப்படியா), "நாருஹொதோ" (ஓ, புரியுது)ன்னு பெரிய பட்டியலே இருக்கு, கூட தலையாட்டல் வேற. எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் போட முடியாது. ஃப்ரெண்ட்கிட்ட "உன்", மேனேஜர்கிட்ட "ஹை". மாத்திப் போட்டா, நம்ம ஊர்ல பெரியவங்கள ஒருமையில பேசின மாதிரி ஆயிரும்.

எண்ணிக்கையில எவ்ளோ வித்தியாசம்? சென்கோ மேனார்ட்ங்கறவங்க 1980கள்ல ஜப்பான் ஜோடிகளையும் அமெரிக்க ஜோடிகளையும் தனித்தனியா உக்கார வெச்சு சும்மா அரட்டை அடிக்கச் சொல்லி வீடியோ எடுத்து ஒண்ணொண்ணா எண்ணினாங்க. ஜப்பான்காரங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஐசுச்சி போடறாங்க. இந்த ரிசல்ட் அப்புறமும் திரும்பத் திரும்ப வந்திருக்கு.

ஆனா எண்ணிக்கைய விட எனக்கு முக்கியமா படறது எங்க போடறாங்கங்கறது. கிட்டக்கப் போய் பாக்கலாம். ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணுகிட்ட சொல்றா:

"கினோ நே" (நேத்து இல்ல)
"உன்"
"எகி தெ நே" (ஸ்டேஷன்ல)
"உன் உன்"
"சென்செய் நி அத்தன் தாகெதோ" (நம்ம சாரப் பாத்தேன், ஆனா பாரு)
"ஏ, ஹொந்தோ?" (அட, நெசமாவா?)

கவனிச்சீங்களா, ஒரு வாக்கியம் கூட இன்னும் முடியல! "நேத்து"ன்னு சொன்னதுக்கு ஒரு "உன்", "ஸ்டேஷன்ல"ன்னு சொன்னதுக்கு ரெண்டு "உன்". நேத்து என்ன நடந்துச்சுன்னே இன்னும் தெரியாது, அதுக்குள்ள மூணு தடவ பதில் போயிருச்சு. அந்த "நே"தான் கதவத் திறந்து விடறது. பேசறவங்க வாக்கியத்த சின்னச் சின்னத் துண்டா உடைச்சு, ஒவ்வொரு துண்டு கடைசிலயும் "நே"ன்னு கொஞ்சம் இழுத்து, பல சமயம் அவங்களே தலையையும் ஆட்டி, எதிர்ல இருந்து ஒரு "உன்" வந்ததும் அடுத்த துண்டுக்குப் போறாங்க. கடைசிலயும் பாருங்க, "கெதோ"ன்னு முடிக்காம விட்டாச்சு, மீதிய கேக்கறவங்க சேர்ந்து முடிக்கட்டும்னு. மிசுதானி நொபுகோங்கற ஜப்பானிய மொழி ஆசிரியர் இதுக்கு "கியோவா"ன்னு பேர் வெச்சாங்க, சேர்ந்து பேசறதுன்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் முழுசா பேசி முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கறது ஒரு மாடல், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பேச்ச நெய்யறது இன்னொரு மாடல், ஜப்பானீஸ் அரட்டை ரெண்டாவதுன்னு அவங்க வாதம்.

தமிழ் பேசறவங்களுக்கு இது அவ்ளோ புதுசா இருக்காதுன்னு நினைக்கறேன். நம்ம மொழியிலயும் வினை கடைசிலதான் வருது, "நேத்து இல்ல", "நம்ம குமார் இருக்கான்ல", "அவன் வந்து"ன்னு துண்டு துண்டாதான் போறோம், அந்த "இருக்கான்ல"வுக்கு எதிர்ல இருந்து ஒரு "ஆமா" வரலன்னா நாமளும் நின்னு பாக்கறோம். அதனால ஜப்பானீஸ் கத்துக்கற தமிழ் ஆளுங்க இந்த விஷயத்துல கொஞ்சம் முன்னாடியே நிக்கறாங்கன்னு என் அபிப்ராயம், அத தைரியமா பயன்படுத்திக்கலாம்.

இங்கிலீஷ்ல அதே கதை வேற மாதிரி ஓடும். "நேத்து ஸ்டேஷன்ல நம்ம சாரப் பாத்தேன்"ங்கற அளவுக்கு ஒரு முழு விஷயம் வந்து இறங்கணும், அப்பதான் "ஓ ரியலி?" வரும். பாட்ரிசியா கிளான்சியும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து 1996ல இங்கிலீஷ், ஜப்பானீஸ், சீன மாண்டரின் மூணையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. அமெரிக்க இங்கிலீஷ்லயும் மாண்டரின்லயும் பெரும்பாலும் இலக்கணப்படி ஒரு எடம் முடியறப்பதான் ரியாக்‌ஷன் வருது, ஜப்பானீஸ்ல அப்படிக் காத்திருக்கறதில்ல, பேசறவர் குரல் மேலயே ஏறி விழறதும் சகஜம். மூணுல கம்மியா ரியாக்‌ஷன் குடுக்கறது மாண்டரின். "ஆசியாக்காரங்க எல்லாம் இப்படித்தான்"னு மொத்தமா சொல்றவங்க இத ஒரு தடவ பாத்துரணும், ஜப்பானும் சீனாவும் இந்த விஷயத்துல ரெண்டு எதிர்க் கோடியில இருக்கு.

அதே மாதிரி ஜப்பான்காரங்க அமைதியானவங்க, யோசிச்சு யோசிச்சு மெதுவா பதில் சொல்லுவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. 2009ல 10 மொழிகள்ல ஆமா இல்லன்னு பதில் சொல்ற கேள்விக்கு எவ்ளோ சீக்கிரம் பதில் வருதுன்னு அளந்து பாத்தாங்க. 10லயும் வேகம் ஜப்பானீஸ்தான், சராசரி இடைவெளி வெறும் 7 மில்லிசெகண்ட், அதாவது கேள்வி முடியறதும் பதில் ஆரம்பிக்கறதும் ஒண்ணா நடக்குது. மெதுவா இருந்தது டேனிஷ், அதுவும் அரை செகண்டுக்குள்ளதான்.

கேக்கறவருக்கு எப்ப "ம்" போடணும்னு எப்படித் தெரியுது? இதுக்கு நைஜல் வார்டும் வதாரு சுகஹாராவும் 2000ல ஒரு நல்ல பதில் குடுத்தாங்க. பேசறவர் குரல் கொஞ்சம் தாழ்ந்து, ஒரு 110 மில்லிசெகண்ட் அப்படியே தாழ்வா இருந்துச்சுன்னா அது ஒரு அழைப்பு, அதுக்கு அப்புறம் கொஞ்ச நேரத்துல "ம்" வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. இங்கிலீஷ், ஜப்பானீஸ் ரெண்டுலயும் இது வேலை செய்யுது, ஆனா அவங்க விதியில அந்தத் தாழ்வ கவனிச்சதுக்கு அப்புறம் காத்திருக்கற நேரம் இங்கிலீஷ்ல 700 மில்லிசெகண்ட், ஜப்பானீஸ்ல அதுல பாதி, 350. சிக்னல் ஒண்ணுதான், பதில் சொல்ற அவசரம் வேற. இத நான் ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, கால் செகண்டு, அரை செகண்டு வித்தியாசத்த யாரும் "இவர் டைமிங் வேற"ன்னு உணர்றதில்ல. "இவர் அவசரப்படறாரு", "இவருக்கு இன்ட்ரஸ்ட் இல்ல", "கொஞ்சம் திமிர் போல"ன்னுதான் உணர்றோம். டைமிங்க குணமாப் படிச்சிடறோம், வெளிநாட்டுக்காரங்களோட பேசறப்ப வர்ற பாதி கசப்பு இங்கதான் பிறக்குது.

ரெண்டு பக்கத்துல இருந்தும் பாருங்க. ஒரு அமெரிக்கர் ஜப்பான்காரர்கிட்ட பேசறாரு, வாக்கியம் பாதியில இருக்கறப்பவே "ஹை, ஹை" வருது. "சீக்கிரம் முடி"ங்கறாரா, இல்ல எல்லாத்துக்கும் ஒத்துக்கறாரா? மீட்டிங் முடிஞ்சு "கிளையன்ட் எல்லாத்துக்கும் ஓகே சொல்லிட்டாங்க"ன்னு ரிப்போர்ட் போயிரும். அடுத்த வாரம் அந்தப் பக்கம் இருந்து "இது பத்தி இன்னும் உள்ள பேசிட்டு இருக்கோம்"னு மெயில் வரும். யாரும் ஏமாத்தல, மாத்தியும் பேசல. பேச்சு நடுவுல வர்ற "ஹை"க்கு "காதுல விழுது, மேல சொல்லுங்க"ன்னு மட்டும்தான் அர்த்தம். சம்மதமா இல்லையாங்கறது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

மறுபக்கம், ஜப்பான்காரர் பேசறாரு, அமெரிக்கர் மரியாதையா வாய மூடிக்கிட்டு கண்ணப் பாத்து முழுசா கேக்கறாரு. அவரு ஊர்ல அதுதான் நல்ல கேக்கறது. இவருக்கோ காலுக்கு கீழ தரை இல்லாத மாதிரி ஆயிருது, நான் பேசறது புரியலையோ, பிடிக்கலையோன்னு சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பிக்கறாரு. ஃபோன்ல இன்னும் மோசம், அங்க தலையாட்டலும் தெரியாதுல்ல, ரெண்டு மூணு துண்டுக்கு "ஹை" வரலன்னா கால் நடுவுலயே "மொஷி மொஷி?"ன்னு கேப்பாங்க, நாம "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"ன்னு கேக்கறோமே அது மாதிரி.

ரெண்டு ஊர்க்காரங்களும் ஒண்ணா உக்காந்தா யாரு யாருக்காக மாறுவாங்கன்னு 1989ல ஷெய்தா வைட் பாத்தாங்க. நான் எதிர்பாத்தது ஜப்பான்காரங்க கொறச்சுக்குவாங்கன்னு, ஏன்னா பேச்சு நடந்தது இங்கிலீஷ்ல. ஆனா மாறினது அமெரிக்கர்கள்தான், ஜப்பான்காரங்களோட பேசறப்ப அவங்க "ம்ஹ்ம்" எண்ணிக்கை ஏறிருச்சு, ஜப்பான்காரங்க தங்களோட பழக்கத்த அப்படியே வெச்சுக்கிட்டாங்க. இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் இன்னொரு மொழிக்கு மாறினாலும் இந்தப் பழக்கம் தாய்மொழியோடவே ஒட்டிக்கிட்டு இருக்குன்னு இதுல இருந்து நான் எடுத்துக்கறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிரணும். "இங்கிலீஷ்"னு ஒண்ணா சொல்றோம், அது ஒண்ணு இல்ல. குன்னெல் டோட்டி 1991ல பிரிட்டிஷ் பேச்சையும் அமெரிக்கப் பேச்சையும் ஒப்பிட்டதுல, சின்ன சாம்பிள்தான், ஆனா அமெரிக்கர்கள் நல்லாவே ஜாஸ்தியா போட்டாங்க. ஒரே ஊருக்குள்ளயும் வித்தியாசம் உண்டு. டேனியல் மால்ட்ஸ், ரூத் போர்க்கர் ரெண்டு பேரும் 1982ல ஒரு யோசன வெச்சாங்க: அமெரிக்காவுல பெண்கள் "ம்ஹ்ம்"ங்கறது கேட்டுக்கிட்டு இருக்கேன்னு, ஆண்கள் "ம்ஹ்ம்"ங்கறது ஒத்துக்கறேன்னு, அதனாலதான் "இவ எல்லாத்துக்கும் ஆமாங்கறா"ன்னு அவரும் "இவர் கேக்கறதே இல்ல"ன்னு அவளும் குறைபட்டுக்கறாங்கன்னு. எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா "ஹை" குழப்பமும் இதுவும் ஒரே குழப்பம்தான், கடல் தாண்டிப் போகாமலே வர்றது.

இப்ப ஜப்பானீஸ் கத்துக்கறவங்களுக்கு. ஜேஎல்பிடிங்கற ஜப்பானீஸ் மொழித்திறன் பரீட்சையில பேசற பகுதியே கிடையாது, அதனால அதுல என்3, என்2 லெவல் எல்லாம் பாஸ் பண்ணிட்டு, எதிர்ல ஒருத்தர் பேசறப்ப ஒரு சத்தமும் குடுக்காம நேரா உக்காந்திருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. இத தனியா பழகணும். பேசறவரோட "நே"வையும் "தெ"வையும் "கெதோ"வையும் காது பிடிக்கப் பழகுங்க, எடம் அங்கதான். "ஸோ தெசு கா"வ குரல எறக்கி முடிச்சா "ஓ, அப்படியா, சரி"ன்னு ஆகும், ஏத்தி முடிச்சா "அப்படியா என்ன?"ன்னு கேள்வி கேட்ட மாதிரி ஆயிரும், இது புதுசா வர்றவங்க அடிக்கடி மாட்டற எடம். "ஹை ஹை"ன்னு ரெண்டு தடவ வேகமா சொல்றது "சரி சரி தெரியும்"னு சலிச்சுக்கற மாதிரி கேக்கும், பெரியவங்ககிட்ட வேண்டாம், ஒரு "ஹை" போதும். "நாருஹொதோ" கேக்க நல்லா இருக்குன்னு எல்லா எடத்துலயும் போடறாங்க, ஆனா மேல இருக்கறவங்ககிட்ட அது அவங்க சொன்னத நாம மதிப்பெண் போட்டுப் பாக்கற மாதிரி இருக்குன்னு பல மேனர்ஸ் புக்ல தவிர்க்கச் சொல்றாங்க, பதிலா "ஒஷ்ஷாரு தோரி தெசு" (நீங்க சொல்றது சரிதான்) மாதிரி போகலாம். ஒரே ஐசுச்சிய எந்திரம் மாதிரி திரும்பத் திரும்பப் போட்டா கவனிக்கலன்னு உடனே தெரிஞ்சுரும், பாவெலாஸ் சொன்ன ரெண்டாவது வகையும் கலந்து வரணும், "ஹே~"வும் "ஏ, ஹொந்தோ?"வும் அதுக்குத்தான்.

வீடியோ மீட்டிங் இதுக்கு பெரிய எதிரி. சத்தம் போய் சேர்ற தாமதத்துல நாம போட்ட "ஹை" அடுத்த வாக்கியத்து மேல போய் விழும், எல்லாரும் மியூட்ல இருந்தா ஐசுச்சியே கிடையாது, பேசற ஜப்பான்காரர் வெறும் சுவரப் பாத்து பேசற நிலைமை. முடிஞ்சா கேமராவ போட்டுட்டு, வழக்கத்த விடக் கொஞ்சம் பெருசா தலையாட்டுங்க. நம்ம ஊர் ஆளுங்களுக்கு இங்க ஒரு விஷயம் கூடுதலா சொல்லணும், பக்கவாட்டுல ஆட்டற நம்ம தலையாட்டல் அவங்களுக்கு இல்லைன்னு தெரியலாம், மேலயும் கீழயும் ஆட்டுங்க. அப்புறம் அந்த மீட்டிங்ல உங்களுக்கு நெசமாவே ஒரு சம்மதம் வேணும்னா, நடுவுல வந்த "ஹை"ய நம்பி எழுதிக்காதீங்க, "ஓகேவா?"ன்னும் கேக்காதீங்க, அதுக்கும் "ஹை"தான் வரும். "இத எந்தத் தேதிக்குள்ள உங்க பக்கம் முடிவு பண்ணுவீங்க, யாரு பண்ணுவாங்க?"ன்னு கேளுங்க, அதுக்கு வெறும் "ஹை"ன்னு பதில் சொல்ல முடியாது.